பெட்டி வேறு, படம் வேறு! (நீலகிரி மலையும் எச்டி டிவியும்)

டிவி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை இன்ச், என்ன கம்பெனி, எத்தனை வருஷம் வாரண்டி... படம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் எழும். சமவெளிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு விஷயமே இதுதான்!

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் வந்தது. அந்தக் காலத்துப் படம் தரையில் நிற்கும் டவரிலிருந்து வந்தது. டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். நடுவே மலை வந்தால் அவ்வளவுதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அதைச் சுற்றிலும் முகடும் பள்ளத்தாக்கும். முகட்டில் இருக்கும் வீட்டுக்குப் படம் கிடைத்தாலும், அதே எஸ்டேட்டில் பள்ளத்தில் இருக்கும் லைன் வீட்டுக்குப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். மலையில் பட்டுத் திரும்பிய அலையும் கூடச் சேர்ந்துகொண்டால் ஒரு ஆளுக்குப் பக்கத்தில் அவருடைய ஆவி மாதிரி இன்னொரு ஆள் தெரிவார்.

1990-களில் கேபிள் வந்தது. சன் டிவி ஆரம்பித்தது 1993 ஏப்ரல் 14. ஆனால் கேபிள் என்பது கணக்குப் பார்க்கும் தொழில். ஒரு தெருவில் ஐம்பது வீடு இருந்தால் ஒரே ஒயரில் ஐம்பது பேரிடம் காசு வசூலிக்கலாம். தேயிலைத் தோட்டத்தைத் தாண்டித் தாண்டி நாலு வீடு இருக்கும் இடத்துக்கு யார் ஒயர் இழுப்பார்கள்?

மலைக்கு உண்மையிலேயே வழி திறந்தது வானத்திலிருந்துதான். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன், மாதக் கட்டணமே இல்லாத டிடி டைரக்ட் பிளஸ் சேவையைத் தொடங்கியது. பிறகு தனியார் டிடிஎச் கம்பெனிகள். இங்கே பூகோளம் மலைக்காரர்களுக்குச் சாதகம். இந்தியச் செயற்கைக்கோள்கள் பல பூமத்திய ரேகைக்கு மேல் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கின்றன. ஊட்டியிலிருந்து பார்த்தால் அந்த இடம் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, தரையிலிருந்து 65 டிகிரிக்கு மேலே. கிட்டத்தட்ட தலைக்கு மேல்! டவரை மறைத்த மலையும் சில்வர் ஓக் மரங்களும் பெரும்பாலான இடங்களில் இதை மறைப்பதில்லை. பனிமூட்டமும் ஒன்றும் செய்யாது. அதன் துளிகள் அவ்வளவு பொடி. கனமழையின் பெரிய துளிகள்தான் அலையை விழுங்கும். அதனால்தான் தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் சீரியலின் முக்கியமான கட்டத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது.

வானத்தை நம்பியதிலும் ஒரு ஆபத்து இருந்தது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்தவேண்டி வந்தது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வெறும் 2 டிகிரிதான். ஆனால் கூரையில் ஏறி டிஷ்ஷை அந்த 2 டிகிரி திருப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போகவேண்டும். மலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு எஸ்டேட்டே இருக்கும்!

இதற்கு நடுவில்தான் பெட்டி இலவசமாக வந்தது. 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம். 14 இன்ச் கலர் டிவி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டன. டிவி கொடுத்தால் கேபிள் காசு யாருக்குப் போகும் என்று அன்றைக்கே விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெட்டி ஒரு தடவைச் செலவு, படம் மாதாமாதம் செலவு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு ரேசரும் பிளேடும் உதாரணம் ஞாபகம் வரும். 2011 செப்டம்பரில் அடுத்து வந்த அதிமுக அரசு, அரசு கேபிள் மூலம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. முந்தைய அரசு பெட்டியைக் கொடுத்தது, இந்த அரசு படத்தின் விலையைக் குறைத்தது. ஆனால் 70 ரூபாயும் ஒயர் போகும் இடத்துக்குத்தான் பொருந்தும்.

எச்டியின் கதையும் இதேதான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானின் என்எச்கே இந்த ஆராய்ச்சியில் இறங்கியது. இந்தியாவில் 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியை தூர்தர்ஷன் எச்டியில் ஒளிபரப்பியது. பழைய படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள், முழு எச்டியில் சுமார் 20 லட்சம். ஐந்து மடங்கு! ஆசையாக எல்சிடி வாங்கி வந்து பழைய கேபிள் ஒயரைச் செருகியவர்களுக்கு அதிர்ச்சி. அந்த 4 லட்சம் புள்ளியையே பெரிய திரையில் இழுத்துப் பிடித்ததால், பழைய குண்டு டிவியில் பளிச்சென்று தெரிந்த முகம் இதில் மங்கலாகத் தெரிந்தது. கோளாறு டிவியில் இல்லை. எச்டி பாக்ஸ், எச்டி சேனல் பேக்கேஜ் இரண்டும் தனிச் செலவு என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. அதையும் கட்டிய பிறகு 2012-ல் மின்வெட்டு வந்தது. பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். எத்தனை லட்சம் புள்ளி இருந்து என்ன?

பெட்டியின் அளவைத் தீர்மானித்ததும் கண் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூர், துபாயிலிருந்து வருகிறவர்கள் வரி இல்லாமல் பெரிய டிவியைப் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். ரூபாய் சரிந்த 2013-ல், ஆகஸ்ட் 26 முதல் அதற்கு 36 சதவீத வரி போடப்பட்டது. 2019 ஜனவரி முதல் 32 இன்ச் வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 28. சுவரில் 43 இன்ச்சுக்கு இடம் இருந்தாலும் பல வீடுகள் 32-லேயே நின்றதற்கு இந்தப் பத்து சதவீதமும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் 18 ஆகிவிட்டது.

ஆக, பெட்டிக்கான வரி குறைந்துவிட்டது. படத்துக்கான மாதக் காசு மட்டும் டிஷ் ரீசார்ஜாகவோ நெட் பில்லாகவோ இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.