முத்துவைக் கொண்டாடிய ஜப்பான்

2006ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், அன்றைய இந்தியப் பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். இரு நாட்டு உறவின் பழைமையையும் எதிர்காலத்தையும் எடுத்துரைத்த அவ்வுரையில் ஒரு தமிழ்த் திரைப்படமும் குறிப்பிடப்பட்டது. ரஜினிகாந்த் நடித்த 'முத்து'தான் அது. ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் வேற்று நாட்டுப் பிரதமர் தமிழ்ப்படத்தைச் சுட்டிப் பேசுவது அன்றாடம் நிகழ்வதன்று. அப்படத்திற்கு அந்த இடம் எவ்வாறு கிடைத்தது?

திரைப்படம் என்றாலே ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு நாட்டு மக்கள் இன்னொரு நாட்டின் திரைக்கலையை மனமுவந்து தழுவிக்கொண்ட வரலாறு, பாடநூலில் நாம் கற்பிக்கும் வணிகப் பயணங்களுக்கும் சமயப் பரவலுக்கும் எவ்வகையிலும் குறைந்ததன்று. அதிலும் இந்த வரலாற்றின் முதல் அடி நமக்கு மிக அருகில், சிங்கப்பூரில் எடுத்து வைக்கப்பட்டது. ஆகவே, அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

முத்துவுக்கு முன்

ஜப்பானியர்கள் இந்தியத் திரைப்படத்தை முதன்முதலில் கண்டது முத்துவில் அல்ல. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1966இல் அங்குத் திரையிடப்பட்டது. தோக்கியோவில் புகழ்பெற்ற இவானமி அரங்கம் 1974இல் தன் உலகத் திரைப்பட வரிசையைத் தொடங்கியபோது, அதன் முதல் படமாக ராயின் 'அபுர் சன்சார்' திரைப்படத்தையே தேர்ந்தெடுத்தது. இவற்றை விரும்பிப் பார்த்தவர்கள் கலைப்பட ஆர்வலர்கள். அவர்கள் கண்ட இந்தியா வறுமையும் துயரமும் அமைதியான அழகும் நிறைந்த இந்தியா.

தமிழைப் பற்றிய அறிவும் அங்கு இல்லாமலில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகளை ஆராய்ந்த பேராசிரியர் நொபொரு கராஷிமா, 1995இல் தஞ்சையில் நடைபெற்ற எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார். திருக்குறளும் 1981இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்துவிட்டது. ஆனால், இவையெல்லாம் அறிஞர் உலகத்தோடு நின்றன. பொதுமக்களின் செவிக்குத் தமிழ் இன்னும் எட்டவில்லை.

சிங்கப்பூரில் ஒரு கண்டெடுப்பு

அதே 1995ஆம் ஆண்டு தீபாவளிக்கு முத்து வெளிவந்தது. கவிதாலயா நிறுவனத்தின் தயாரிப்பு, கே.எஸ். ரவிக்குமாரின் இயக்கம், ஏ.ஆர். ரகுமானின் இசை; நாயகி மீனா. 'தேன்மாவின் கொம்பத்து' என்ற மலையாளப் படத்தைத் தழுவியது. ஜமீன் வீட்டில் குதிரை வண்டி ஓட்டும் பணியாளனே அந்தச் சொத்துக்கு உரியவன் என்பது கதை. தமிழகத்திலும் இங்கும் அது நன்றாக ஓடியது. ரஜினியின் மற்றொரு வெற்றிப்படம் என்ற அளவில் நாம் அதனைக் கண்டு களித்து, அடுத்த படத்திற்குக் காத்திருந்தோம்.

1996இல் ஜப்பானியத் திரை விமர்சகர் ஜுன் எதொகி சிங்கப்பூருக்கு வந்தார். லிட்டில் இந்தியாவில் அவர் கண்டெடுத்த படம்தான் முத்து. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும், தாம் அதுவரை காணாத ஏதோ ஒன்று அதில் இருப்பதை உணர்ந்தார். அப்படத்தை ஜப்பானுக்குக் கொண்டு செல்வது என்று உறுதி பூண்டார். எந்த அரசும் அவரை அனுப்பவில்லை; எந்தப் பண்பாட்டு ஒப்பந்தமும் அதற்குக் காரணமில்லை. தமக்குப் பிடித்ததைத் தம் மக்களும் காணவேண்டும் என்று ஒரு மனிதர் விரும்பினார், அவ்வளவுதான்.

1998: இருபத்து மூன்று வாரங்கள்

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம், தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்திலுள்ள 'சினிமா ரைஸ்' என்னும் அரங்கில் முத்து திரையிடப்பட்டது. 'முத்து ஒதோரு மகாராஜா' என்பது ஜப்பானியத் தலைப்பு. 'முத்து, நடனமாடும் மகாராஜா' என்பது அதன் பொருள். ஷிபுயா இளைஞர்கள் கூடும் நாகரிகத் தெருக்களைக் கொண்ட பகுதி. புதுமையான அயல்நாட்டுப் படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிடுவதில் பெயர்பெற்றது அவ்வரங்கு.

அக்காலச் சூழலை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஒரு மாதத்திற்கு முன்பு, மே 11, 13 ஆகிய நாள்களில், இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியிருந்தது. அணுகுண்டின் கொடுமையைத் தன் மேனியில் தாங்கிய ஜப்பான் கடும் சினங்கொண்டு, இந்தியாவுக்கான புதிய நிதியுதவிகளை நிறுத்தி வைத்தது. அரசுகளின் உறவு அந்த அளவுக்குத் தாழ்ந்திருந்த வேளையில்தான் முத்துவின் குதிரை வண்டி தோக்கியோவுக்குள் நுழைந்தது.

பொருளாதாரமும் நலிந்திருந்தது. 1997 நவம்பரில் யமாயிச்சி என்ற பெரும் பங்குநிறுவனமும் ஹொக்கைடோ தக்குஷொக்கு வங்கியும் வீழ்ந்தன. ஆசியா முழுவதும் நெருக்கடி. நம் ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று பிணைக்கப்பட்டதும் அதே 1998 செப்டம்பரில்தான். வேலையை எண்ணிக் கலங்கியிருந்த மக்களுக்கு முன், எதற்கும் அஞ்சாமல் சிரிக்கும் ஒரு வண்டிக்காரன் வந்து நின்றான்.

அந்த ஓர் அரங்கில் மட்டும் படம் 23 வாரங்கள் ஓடியது. அங்கு மட்டும் ஏறத்தாழ 127,000 பேர் பார்த்தனர். ஜப்பான் முழுவதும் அதன் வசூல் 40 கோடி யென் அளவை எட்டியது. ஜப்பானில் இந்தியப் படங்களின் சாதனையாக அது 24 ஆண்டுகள் நிலைத்திருந்து, 2022இல்தான் 'ஆர்.ஆர்.ஆர்.' என்ற தெலுங்குப் படத்தால் முறியடிக்கப்பட்டது.

எப்படிச் சிரித்தார்கள்?

இவ்வரலாற்றை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கூறியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், அவர்களுக்குத் தமிழே தெரியாதே! பிறகு எப்படிச் சிரித்தார்கள்?" நல்ல கேள்வி. அதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, உடல்மொழி. துண்டைச் சுழற்றித் தோளில் போடும் அசைவுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? இரண்டாவது, படத்தின் கட்டமைப்பு. சண்டைப்படம் என்றால் சண்டை, சோகப்படம் என்றால் சோகம் என்று பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சிரிப்பும் கண்ணீரும் ஆடலும் பாடலும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட விருந்து பெருவியப்பாக இருந்தது. நாம் 'வெறும் மசாலா' என்று குறைத்துச் சொல்வதையே அவர்கள் சிறப்பாகக் கண்டார்கள். 'மசாலா மூவி' என்ற சொல்லே ஜப்பானியர் வழக்கில் ஒரு தனி வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

மூன்றாவது, துணைத்தலைப்பு. ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது இதுவே. ஜப்பானில் துணைத்தலைப்பு எழுதுவதற்கு ஒரு மரபு உண்டு: ஒரு வினாடிப் பேச்சுக்கு நான்கு எழுத்துகள். அதற்கு மேல் எழுதினால் பார்வையாளரால் படிக்க இயலாது என்பது கணக்கு. ரஜினியின் வேகமான வசனத்தை அந்தச் சிறு அளவுக்குள் அடக்குவது எளிய பணியா? ஆனால், அந்த உழைப்பினால் ஒரு பெரும் பயன் விளைந்தது. குரல் மாற்றப்படாததால், அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகத் தமிழ் ஒலியையே கேட்டார்கள். ழகரமும் றகரமும் ஷிபுயாவில் ஒலித்தன. அறிஞர்களின் நூல்கள் எட்டாத செவிகளுக்கு அந்த வண்டிக்காரன் தமிழைக் கொண்டு சேர்த்தான்.

அலை அடங்கியபின்

வெற்றியைக் கண்டதும் வணிகர்கள் விரைந்தனர். 1993இல் வெளிவந்த 'எஜமான்' படத்திற்கும் முத்துவுக்கும் கதையில் எத்தொடர்பும் இல்லை. ஆயினும், அது ஜப்பானில் 'நடனமாடும் மகாராஜா 2' என்று பெயர் சூட்டப்பட்டு வந்தது. 'அருணாசலம்' படம் 'நடனமாடும் சூப்பர் ஸ்டார்' ஆனது. எல்லாம் நடனமாடத் தொடங்கியதும் புதுமை போயிற்று. சில ஆண்டுகளிலேயே அலை அடங்கியது; இந்தியப் படங்கள் ஜப்பானிய அரங்குகளுக்கு வருவது அரிதாயிற்று.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்து சென்றது. ஆனால் எல்லாரும் செல்லவில்லை. உண்மையான பற்றுள்ளவர்கள் எஞ்சினார்கள். என் நோக்கில் இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி 1998 அன்று. அதற்குப் பின்வந்த அமைதியான ஆண்டுகளே. ரசிகர்கள் சிலர் தமிழகத்திற்குப் பயணம் செய்தனர். படங்களைத் தாமே தருவித்துப் பார்த்தனர். தமிழ் கற்கத் தலைப்பட்டவர்களும் உண்டு.

அவர்களின் வலிமை 2012இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் 'எந்திரன்' படம் 'ரோபோட்' என்ற பெயரில் ஜப்பானுக்கு வந்தது. மூன்று மணி நேரம் நீளம் என்று அஞ்சியோ என்னவோ, வெளியீட்டாளர்கள் பாடல்கள் சிலவற்றை நீக்கி 139 நிமிடங்களாகச் சுருக்கியிருந்தார்கள். ரசிகர்கள் அதனை ஏற்கவில்லை. முழுப்படமும் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த மாதமே முழு வடிவம் திரைக்கு வந்தது. பாட்டு வந்தால் எழுந்து வெளியே செல்லும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. பாட்டை வெட்டாதீர்கள் என்று கேட்டவர்கள் ஜப்பானியர்கள்!

'மசாலா காட்சி' என்றொரு வழக்கமும் அங்கு வேரூன்றியது. அமைதியாகப் படம் பார்ப்பதே பண்பு என்று கருதும் நாட்டில், வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவி, சிறு வெடிகளை இழுத்து ஓசை எழுப்பி, கூவி மகிழும் தனிக்காட்சிகள் அவை. ஹியோகோ மாநிலத்தின் அமகசாகி நகரிலுள்ள த்சுகாகுச்சி சன்சன் அரங்கம் அத்தகைய காட்சிகளுக்குப் பெயர்பெற்றது. காட்சி முடிந்தபின் பார்வையாளர்களே குப்பையைக் கூட்டுவதும் உண்டு. ஆரவாரத்தை நம்மிடமிருந்து பெற்றார்கள். துடைப்பத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

முத்துவை 23 வாரங்கள் தாங்கிய சினிமா ரைஸ் அரங்கு 2016 ஜனவரியில் மூடப்பட்டது. ராயின் 'அபுர் சன்சார்' படத்தைத் திரையிட்ட இவானமி அரங்கமும் 2022 ஜூலையில் மூடப்பட்டது. அரங்குகள் மறைந்தன, பற்று மறையவில்லை. 2018 நவம்பரில் முத்து புதுப்பொலிவூட்டப்பட்டு மீண்டும் ஜப்பானியத் திரைகளுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் 'ஜெயிலர்' வெளியானபோது, ஒசாகாவிலிருந்து ஓர் இணையர் அதனைக் காணச் சென்னைக்கே பறந்து வந்த செய்தி ஏடுகளில் இடம்பெற்றது.

நாமும் அயல்நாட்டுப் பார்வையாளர்களே

அன்பர்களே, மலேசியாவில் பிறந்து வளர்ந்த நமக்கும் தமிழகத் திரைப்படம் அயல்நாட்டுத் திரைப்படமே. நாம் உணர்வதில்லை, மொழி ஒன்றாக இருப்பதால் எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. துணைத்தலைப்பின்றிப் பார்க்கும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. ஜப்பானிய ரசிகர் பல ஆண்டுகள் உழைத்து அடையவேண்டியதை நம் பிள்ளைகள் தாய்மடியிலேயே பெற்றுவிடுகிறார்கள்.

ஆனால், வகுப்பறையில் நான் காணும் ஒரு காட்சி என்னைச் சிந்திக்க வைக்கிறது. திரைவசனத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கும் மாணவன், அதே வசனத்தைக் கரும்பலகையில் எழுதினால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறான். படம் தொடங்கும்போது திரையில் ஓடும் தமிழ்ப் பெயர்களை அவன் படிப்பதில்லை. இதற்குத் திரைப்படத்தைக் குறை கூறிப் பயனில்லை. திரைப்படம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நடந்து செல்வது நம் கால்களின் வேலை. அந்த நடையைப் பழக்கும் பொறுப்பு பெற்றோருக்கும் ஆசிரியர்களாகிய நமக்கும் உரியது.

ஆகவே, இப்போது என் மாணவர்களுக்குப் பிடித்த வசனங்களையே வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்து வருகிறேன். தடுமாற்றம் மெல்லக் குறைகிறது. கடல் கடந்த ஒருவருக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்கும் ஆசையை ஒரு வண்டிக்காரன் ஊட்ட முடியுமென்றால், தமிழ்ப்பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஊட்ட முடியாதா? முயன்று பார்ப்போம்.