கரண்டி யார் கையில்? மகளிர் குழுக்களுக்கான உணவு நிதியும் தீண்டாமையும்

தென்காசி மாவட்டம் வடகரையில், மலையடிவார வயல்களுக்கும் தோப்புகளுக்கும் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவு சலுகை அல்ல, அன்றைய முதல் உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுடன் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். திட்டத்தை நாம் வரவேற்கிறோம். நம் கேள்வி, அதைச் சமைப்பவர் யார், அவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே.

சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் ஆகியோரை அரசே நியமிக்கிறது. காலை உணவில் அரசு நிதி மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியே செல்கிறது. சமைப்பவர் குழு உறுப்பினர், பெரும்பாலும் அதே பள்ளியில் பயிலும் பிள்ளையின் தாய். சமூக அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைப்பது கொள்கையளவில் சரியானது. உச்ச நீதிமன்றமே, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2004 அக்டோபர் 7 அன்று, அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களைப் பயன்படுத்தக் கூடாது, கிராமச் சமூகங்களையும் சுய உதவிக் குழுக்களையும் பயன்படுத்துவது நன்று என்று ஆணையிட்டது. ஆனால் அதே வழக்கில் அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று பிறந்த ஆணையை அதிகாரிகள் அவ்வளவாக நினைவில் வைத்திருப்பதில்லை: மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது அது. அது காலை உணவைப் பற்றிப் பேசவில்லை என வாதிடலாம்தான். ஒரே பள்ளி, அதே குழந்தைகள், அதே தட்டு. நேரம் மாறினால் நோக்கம் மாறிவிடுமா?

நிதி போய்ச் சேரும் குழு வானத்திலிருந்து இறங்கியதன்று. குழுக்கள் தெருவாரியாகத் திரள்பவை, நம் ஊர்களில் தெரு என்றால் சாதி. 2022 செப்டம்பரில், திட்டம் தொடங்கிய அதே நாட்களில், இதே மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்த காணொளி வெளியானது. கைது நடந்தது; குற்றம் சாட்டப்பட்டோர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பிரிவு அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. கடைக்காரர் காசுக்கே மிட்டாய் தர மறுக்கும் ஊர்களில், சமையலறையும் சாதியின் கண்ணுக்குத் தப்பாது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாதபடி பெற்றோர் தடுத்ததாகச் செய்திகள் வந்தன. ஆட்சியரும் அமைச்சரும் நேரில் சென்று குழந்தைகளுடன் அமர்ந்து உண்டனர். நல்ல காட்சி, ஆனால் கேமரா போன பின் என்ன நடக்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது எனச் சாதி இந்துக்கள் தடுத்தபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். போராட்டத்திற்குப் பின் அந்த ஆணை ரத்தானது, வழக்கும் பதிவானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே ரத்து செய்ய ஓர் ஆணை இருந்தது. அதைக் காட்டிப் போராட முடிந்தது. குழுவின் சமையலருக்கோ நியமன ஆணையின் பாதுகாப்பும் இல்லை, நீக்க ஆணையும் தேவையில்லை. “அடுத்த வாரம் வேறு ஒருவர் வருவார்” என்ற ஒரு வாய்மொழி போதும். தீண்டாமை இங்கே எழுத்தில் தடம் பதிக்காமலே நிறைவேறிவிடும்.

சட்டம் வெறுங்கையோடு இல்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாக்கியது. அரசு நிதி பெறும் குழு தன்னை வீட்டு விவகாரம் போல் மூடி மறைக்க முடியாது என்பதும் நம் நிலைப்பாடு. சமையலரைத் தேர்வதும் மாற்றுவதும் காரணத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை நிதி விடுவிப்பின் நிபந்தனையாகவே அரசு சேர்க்கலாம்; கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகாது.

அதுவரை கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதுங்கள்: நம் ஊர்ப் பள்ளிகளில் எந்தக் குழு சமைக்கிறது, சமையலர்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர், தொடக்கம் முதல் மாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு மாற்றத்திற்கும் பதிவேட்டில் உள்ள காரணம் என்ன. முப்பது நாளில் பதில் வர வேண்டும். காரணம் பதிவாகவில்லை என்று பதில் வந்தால், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்; வழக்கில் அதுவும் ஆவணம்தான்.