சாயவேரும் நிலக்கரித் தாரும்

யாழ்ப்பாணக் கரையோர மணல்நிலங்களில் தானே முளைத்த சாயவேர், ஒருகாலத்தில் ஆடைகளுக்குச் செந்நிறம் ஊட்டியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனி அவ்வேரைத் தன் ஏகபோகமாக்கியது. வேர் கிண்டுதல், சாதியின் பெயரால் ஏழைகள்மீது சுமத்தப்பட்ட ஊழியம். உழைப்பு அவர்களது; இலாபம் கம்பெனியினது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1832இல் இராசகாரியம் ஒழிந்தது, சாதி ஒழியவில்லை. 1868இல் கிறேபே, லீபெர்மான் என்னும் ஜெர்மானிய இரசாயனவியலாளர், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற அந்திரசீனைக்கொண்டு அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஆக்கினர். ஆலைச்சாயம் மலிந்தது. பிரான்சின் மஞ்சிட்டி வயல்கள் பாழாயின. நம் சாயவேரும் சந்தை இழந்தது.

விஞ்ஞானத்தை நாம் குறைகூறோம். ஆயினும், சரியாக நூறாண்டின்பின், 1968இல், ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நின்று ஆலயப்பிரவேச உரிமைக்குப் போராட நேர்ந்தது. வேருக்கு மாற்றை ஆய்வுகூடம் தந்தது; மனித சமத்துவத்தை மக்களின் போராட்டமே தரமுடியும் என்பதை நாம் மறத்தலாகாது.