எரவாணத்துக் குளவியும் வெள்ளைத் தூளும்

எரவாணத்தில் குளவி கூடு கட்டினால், "என்ன மருந்து சார் அடிக்கணும்?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். இந்தப் பழக்கம் வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

முன்பெல்லாம் புகை போட்டுத்தான் விரட்டுவார்கள். 1939-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்வதைக் கண்டறிந்தார். 1948-ல் நோபல் பரிசும் பெற்றார். 1953-ல் நம் நாட்டில் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். மலேரியா குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் விஷத்தை வீட்டுக்குள் புழங்கும் துணிச்சலும் கூடவே வந்துவிட்டது. வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. தூளைக் குளவிக் கூட்டிலும் தூவினோம். என் தாத்தா தூவியபோது பாதித் தூள் கீழேயிருந்த நெல் மூட்டைமேல் விழுந்தது. தட்டிவிட்டு, அந்த நெல்லையே அரைத்துச் சாப்பிட்டோம்! இவை எளிதில் மக்காத விஷங்கள். உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989-லும், பி.எச்.சி.க்கு 1997-லும் தடை வந்தது.

குளவி நமக்குப் பகையா என்ன? பச்சைப்புழுவைப் பிடித்துப்போய்த் தன் புழுக்களுக்கு ஊட்டுகிறது. தோட்டத்து மூலையில் கட்டினால் விட்டுவிடுங்கள். வாசலுக்கு மேலே கட்டினால், ஒன்றிரண்டு குளவி இருக்கும்போதே, அவை இல்லாத நேரம் பார்த்து நீளக் கம்பால் தட்டிவிடுங்கள்.

கதண்டு வேறு சங்கதி. தீப்பந்தமும் வேண்டாம், கல்லும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பல கொட்டு வாங்கியவரையும், மூச்சுத் திணறுபவரையும் சுண்ணாம்பு தடவி உட்காரவைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.