முன்னாள் எசமானுக்கு ஒரு கணக்கு

1863இல் லிங்கன் அடிமைகளை விடுதலை செய்தார். அமெரிக்க வரலாற்றிலிருந்து நம்மில் பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பது இந்த ஒற்றை வரியைத்தான். பாடநூல் அவ்வளவுதான் தந்தது; தேர்வுக்கும் அது போதுமானதாக இருந்தது. பாடநூலை மூடிவைத்துவிட்டு மூல ஆவணத்தையே மாணவர் கையில் கொடுக்கும் ஆசிரியர்கள் அமெரிக்காவில் உண்டு. அவ்வாறு படிக்கையில் இந்த வரி நிலைப்பதில்லை.

விடுதலைப் பிரகடனத்தில் காவிய நடையை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்துபோவார். அது ஏறக்குறைய ஒரு கிரயப் பத்திரத்தின் நடையில் இருக்கிறது. கிளர்ச்சியில் ஈடுபட்ட 10 மாநிலங்களின் பெயர்கள். லூசியானாவில் மட்டும் விலக்களிக்கப்பட்ட 13 வட்டங்களின் பெயர்கள். அடிமை முறை நிலவிய டென்னசியின் பெயரோ அதில் இல்லவே இல்லை. லிங்கன் படைத்தலைவர் என்ற அதிகாரத்தைக் கொண்டே அதை வெளியிட்டார். டென்னசியின் பெரும்பகுதி அப்போது அவர் தரப்புப் படைகளின் வசம் வந்துவிட்டிருந்தது.

அந்த டென்னசியில் அடிமையாக இருந்தவர் ஜோர்டன் ஆண்டர்சன். 1864இல் நாஷ்வில்லின் ராணுவ அதிகாரியிடம் விடுதலைச் சீட்டுப் பெற்று, பின்னர் குடும்பத்துடன் ஒஹையோவின் டேட்டன் நகரில் குடியேறினார். போர் முடிந்ததும் பழைய எசமான் கர்னல் ஆண்டர்சன், மீண்டும் பண்ணைக்கு வந்துவிடும்படி கடிதம் எழுதினார். ஜோர்டன் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பதில் 1865 ஆகஸ்ட் 7 தேதியிட்டது. அடிமை முறையை நாடெங்கும் ஒழித்த 13ஆவது சட்டத் திருத்தம் நிறைவேற அப்போது இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன.

கடிதம் மிகுந்த மரியாதையுடன் தொடங்குகிறது. வரத் தடையில்லை, ஆனால் தங்கள் நேர்மையைச் சோதிக்க விரும்புகிறோம், பழைய கூலியை அனுப்பிவையுங்கள் என்கிறது. தமக்கு 32 ஆண்டுகள், மாதம் 25 டாலர்; மனைவி மேண்டிக்கு 20 ஆண்டுகள், வாரம் 2 டாலர்; ஆக 11,680 டாலர். பெருக்கிப் பார்த்தோம், கணக்கு சரியாகவே வருகிறது. வட்டியையும் சேர்க்கச் சொல்கிறார். துணிமணிச் செலவு, தமக்கு மூன்று முறை வைத்தியர் வந்தது, மேண்டிக்குப் பல் பிடுங்கியது ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாமாம்.

இக்கடிதம் அந்த ஆண்டே செய்தித்தாள்களில் அச்சானது. இத்தனை கூரிய எள்ளல் ஓர் அடிமையுடையதாக இருக்குமா, எழுதிக்கொடுத்தவரின் கைவண்ணமா என்ற ஐயம் அதை ஒட்டியே வந்திருக்கிறது. வகுப்பில் இந்த ஐயத்தை மறைக்கக் கூடாது. மூல ஆவணம் என்பதாலேயே ஒன்று முழு உண்மையாகிவிடாது. ஜோர்டன் கற்பனை மனிதரல்லர் என்பதற்கு டேட்டனின் மக்கள்தொகைப் பதிவேடுகள் சான்று. மொழியை வேறொருவர் செப்பனிட்டிருக்கலாம். அந்தப் பல்லை இன்னொருவர் கற்பனை செய்திருப்பார் என்று எங்களால் நம்ப முடியவில்லை.

கணக்கைக் காட்டிலும் கனமான இடம் ஒன்று உண்டு. வளர்ந்துவிட்ட தம் மகள்கள் மில்லிக்கும் ஜேனுக்கும் அங்கே பாதுகாப்பு இருக்குமா என்று கேட்கிறார். மாட்டில்டா, கேத்தரின் என்ற இருவரைக் குறிப்பிட்டு, அவர்கள் பட்டது எசமானுக்கே தெரியும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். கடிதம் அதற்கு மேல் பேசவில்லை. எசமான் வீட்டு இளைஞர்களால் தம் பெண்களுக்கு அவமானம் நேர்வதைவிட இங்கேயே பட்டினி கிடந்து சாவது மேல் என்கிறார்.

கடைசியில் ஜார்ஜ் கார்ட்டர் என்பவருக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். எசமான் தம்மைச் சுட்டுக்கொண்டிருந்தபோது கைத்துப்பாக்கியைப் பறித்ததற்காக அவருக்கு நன்றியும் தெரிவிக்கிறார்.