போன் நம்பர் இல்லை பாஸ்... இது 2147483647-ன் கதை!

பத்து இலக்கத்தில் போன் நம்பர் மாதிரி இருக்கும் 2147483647, ஒரு பகா எண். அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 31 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இது பகா எண்தான் என 1772-ல் சொன்னவர், கணித மேதை ஆய்லர். அப்போ கம்ப்யூட்டர் ஏது? வகுக்கவே வாய்ப்பில்லாத எண்களை முதலிலேயே ஒதுக்கியதால், அதிகபட்சம் 372 வகுத்தல்களே போதுமானதாக இருந்தன.

பைனரியில் எழுதினால், வரிசையாக 31 ஒன்றுகள். 32 பிட்டில் ஒரு பிட் பிளஸ், மைனஸைக் காட்டப் போய்விடுவதால், அதில் எழுத முடிகிற அதிகபட்ச எண் இதுதான்.

1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை இப்படி எண்ணும் சாதனங்களில், 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு (இந்திய நேரம்) இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடியே தேதி 1901-க்குத் தாவலாம்! 64 பிட்டில் நேரத்தை எண்ணும் போன்களுக்குக் கவலையில்லை. அப்டேட்டே பார்க்காத பழைய கருவிகள்தான் பாவம்!