சுவருக்கு உட்புறத்து வரலாறு

மின்சாரம் கனடாவின் ஒன்ராறியோ மாகாண வீடுகளுக்குள் தானாக நுழைந்துவிடவில்லை. யாராவது கொண்டுபோய்க் காட்டி, தொட்டுப் பார்க்கச் செய்து, பயம் தெளிவிக்க வேண்டியிருந்தது. 1906இல் தொடங்கிய மாகாண மின்சார ஆணைக்குழுவின் தலைவர் அடம் பெக், 1912இல் மின்சாதனங்களை வண்டியிலேற்றி ஊர் ஊராக அனுப்பினார். மக்கள் அதற்கு ‘ஹைட்ரோ சர்க்கஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுச் சூட்டைக்கூட மின்சாரத்திலிருந்தே பெறுங்கள் என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு அந்த முயற்சி வளர்ந்தது. அரை நூற்றாண்டு காலம் மக்களைத் தேடிப்போய்ச் செலவழிக்கப் பழக்கிய ஒரு சமூகம், சேமிக்கப் பழக்கும் வேலைக்கு மட்டும் விண்ணப்பப் படிவமும் மானியமும் போதும் என்று எண்ணியது பெரிய பிழை. அந்தப் பிழையின் விளைவை இதே மாகாணத்து மிசிசாகா நகரின் வரலாற்றில் தெளிவாகவே காணலாம்.

இங்கே வீட்டுக்கு வெளியே நடந்த போராட்டத்தில் மக்கள் வென்றிருக்கிறார்கள். லேக்வியூ நிலக்கரி மின்நிலையம் 1962இல் திறக்கப்பட்டு, எட்டு இயந்திரங்களோடு 2,400 மெகாவாட் வரை வளர்ந்தது. ‘நான்கு சகோதரிகள்’ என்று அழைக்கப்பட்ட அதன் புகைபோக்கிகளின் கரி, ஏரிக்கரைச் சிற்றூர்க்காரரின் கொடியில் காய்ந்த துணியில் வந்து படிந்தது. 2001இல் சுற்றுச்சூழல் அமைச்சர் எலிசபெத் விட்மர் பிறப்பித்த ஆணைப்படி 2005 ஏப்ரலில் அது மூடப்பட்டது. 2006 ஜூனில் புகைபோக்கிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அதே நிலத்தில் எரிவாயு மின்நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, லேக்வியூ குடியிருப்பாளர் சங்கத்தார் எதிர்ப்புப் பலகைகளோடு மட்டும் நின்றுவிடவில்லை. சங்கத்தவரான ஜிம் டோவியின் முன்னெடுப்பில், பல்கலைக்கழகத்தாரையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கரையில் என்ன வரவேண்டும் என்று தாங்களே திட்டம் வரைந்தார்கள். மின்நிலையம் வரவில்லை. டோவி 2010இல் நகரசபை உறுப்பினரானார். 2011இல் லோர்லாண்ட் தெருவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இன்னொரு எரிவாயு நிலையமும், தேர்தல் நெருக்கத்தில், மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதைக் கைவிட்டதற்கான செலவு 27.5 கோடி டொலர் என்று மாகாணக் கணக்காய்வாளர் 2013இல் கணித்தார்.

27.5 கோடி டொலர், ஒன்றைக் கட்டாமல் விடுவதற்காக. அந்தப் போராட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் குழந்தைகள் மூச்சுவிடும் காற்றுக்காகத்தான் அவர்கள் நின்றார்கள். ஆனால் இத்தனை நிலையங்கள் எதற்காகத் தேவைப்பட்டன என்ற கேள்வி சுவருக்கு உள்ளே இருந்தது. அங்கே இதே அளவு ஒழுங்கோடு யாரும் போகவில்லை.

உள்ளே போன அரசு ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1977இல், வீடுகளுக்கு வெப்பக்காப்பு இட மத்திய அரசு மானியம் கொடுத்தது. ஒப்பந்தக்காரர்கள் சுவரில் துளையிட்டு யூரியா ஃபோமல்டிஹைட் நுரையைப் பாய்ச்சினார்கள். வாடையும் நோய் முறைப்பாடுகளும் கிளம்ப, 1980 டிசம்பரில் அது தடைசெய்யப்பட்டது. அதற்குள் சுமார் ஒரு லட்சம் வீடுகளில் அந்த நுரை ஏறிவிட்டது. பயம் மிகைப்பட்டது என்று பின்னாளைய ஆய்வுகள் கூறின, சந்தேகம் போகவில்லை. இன்றும் ஒன்ராறியோவில் வீடு வாங்குகிறவர் கையெழுத்திடும் வழமையான ஒப்பந்தத்தில் இந்த நுரை பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. இங்கே குடியேறிய நம் தமிழர்களில் எத்தனையோ பேர் இது என்ன என்று கேளாமலே அதன் கீழ் ஒப்பமிட்டிருப்பார்கள்.

இதற்கு மாறான வழியும் இதே மாகாணத்தில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் மாகாண அரசு ‘பசுமைச் சமூகங்கள்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. பீற்றர்பரோ போன்ற நகரங்களிலும் எலோரா போன்ற சிற்றூர்களிலும் உள்ளூர்க் குழுக்கள் முளைத்தன. ஒரு பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கு வந்து வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியே இழுப்பார். வீட்டினுள் அழுத்தம் குறைந்ததும் பேஸ்மென்ற் சுவரும் தரைச் சட்டமும் சேரும் இடத்தில், மின்செருகித் துளையில், பரண் மூடியின் ஓரத்தில் குளிர்காற்று சீறிக்கொண்டு வரும். கையை வைத்தாலே தெரியும். 1990களின் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி மண்ணெண்ணெயுமாக இரவைக் கழித்துவிட்டு இங்கே வந்த மக்களுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கே எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது, கனடா வீட்டின் இழப்பு தெரிவதில்லை. அதைக் காட்டித்தர ஓர் ஆள் வேண்டும். கதவைத் திறந்து உள்ளே விடும் அளவுக்கு அறிமுகமான ஆள்.

1995இல் ஆட்சி மாறியதும் திட்டத்துக்கான மாகாணப் பணம் நின்றது. பல குழுக்கள் கலைந்துபோகாமல் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக்கொண்டன. இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதும் சம்பவம் இதுதான். 1998இல் மத்திய அரசு வீடுகளின் ஆற்றல் திறனை மதிப்பிடும் ‘எனர்கைட்’ திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வேலை தெரிந்தவர்களாகவும் அயலவரால் அறியப்பட்டவர்களாகவும் இக்குழுக்கள் பல இடங்களில் ஆயத்தமாக இருந்தன. 2006இல் அத்திட்டமும் நிறுத்தப்பட்டது, 2007இல் வேறு பெயரில் வந்தது, 2012இல் முடிந்தது. 2021இல் 5,000 டொலர் வரையிலான மானியம் வந்தது. 2024இன் தொடக்கத்தில் புது விண்ணப்பங்களுக்குக் கதவு அடைபட்டது. அரசுத் திட்டங்கள் இப்படி வந்துபோக, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அறிவைக் காத்துவைத்தது ஊர்க்குழுதான்.

இத்தகைய ஊர்க்குழுக்களின் தன்னார்வ வேலையால் நிலக்கரி நிலையம் மூடப்பட்டதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், இல்லை. திருத்தி மீண்டும் இயக்கப்பட்ட அணு உலைகளும் எரிவாயுவும்தான் 2014க்குள் ஒன்ராறியோவின் நிலக்கரியை முழுதாக அகற்றின. மேலும் மிசிசாகாவின் பெரும்பாலான வீடுகள் எரிவாயுவால் சூடேற்றப்படுகின்றன. சுவரை அடைத்தால் குளிர்காலத்தில் மிச்சமாவது மின்சாரமன்று. ஆனால் மின்தேவை உச்சம் தொடுவது கோடையில், குளிரூட்டிகள் ஒருசேர ஓடும் பிற்பகல்களில். பரணில் இடும் காப்பு அந்த உச்சத்தையும் குறைக்கும். ஓர் ஊரே சேர்ந்து செலவைக் குறைக்க முடியும் என்பது 2003 ஆகஸ்ட் 14இன் பெரும் மின்தடைக்குப் பிந்திய வாரத்தில் தெரிந்தது. பாதியாகக் குறையுங்கள் என்று முதல்வர் ஏர்னி ஈவ்ஸ் கேட்டார். தொழிற்சாலைகளும் வீடுகளும் அணைத்துவைத்தன. நெருக்கடி தீர்ந்தது, பழக்கமும் போயிற்று. அதைத் தொடரச் செய்ய அயலில் ஒருவரும் இருக்கவில்லை.

ஆர்வலர் கையில் கட்டட வேலையைக் கொடுப்பது ஆபத்து என்பது வலுவான ஆட்சேபம். வீட்டை மிகையாக அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்; எரிவாயுச் சூடேற்றியின் புகை உள்ளேயே திரும்பும். ஆனால் நுரையைப் பாய்ச்சியவர்கள் கூலி பெற்ற ஒப்பந்தக்காரர்களே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதே பாடத்தை வேறிடத்திலும் காணலாம்: இந்தியாவில் 1983இல் தொடங்கிய, மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் இலக்கும் மானியமுமாக ஓடி 2002இல் முடிந்தது. அதன் அடுப்புகள் ஏராளமானவை கைவிடப்பட்டன. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தோ, புகையில்லா அடுப்பைச் சமையலறைக்குள் இருந்தே கட்டிக்கொடுக்கத் தொண்டர்களைப் பயிற்றியது. பயிற்சியும் பரிச்சயமும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். பயிற்சிக்கும் அளவைக் கருவிக்கும் ஊதியத்துக்கும் அரசு பணம் தரவேண்டும். இலவச உழைப்பைக் காட்டி அரசு கைகழுவ இடம் கொடுத்தால், இந்த வாதம் முழுதும் பொய்த்துவிடும்.

லேக்வியூ நிலத்தில் இப்போது ‘லேக்வியூ வில்லேஜ்’ என்ற பேரில் பல்லாயிரம் வீடுகள் எழுகின்றன. பக்கத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வெப்பத்தைக் கொண்டே அவற்றைச் சூடேற்றும் திட்டமும் இருக்கிறது. நல்லது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் 1950களின் ஒற்றைமாடி வீடுகளும், 1960களிலும் 70களிலும் எழுந்த, பல்கனித் தளம் சுவரை ஊடுருவி வெளியே நீண்டு சூட்டைக் கடத்தும் அடுக்குமாடிகளும் அப்படியே நிற்கின்றன. அந்த மாடிகளில் வாடகைக்கு இருப்போர்தான் பரணும் சூடேற்றியும் தங்கள் கைக்கெட்டாதவர்கள். வீட்டுக்காரருக்கென்று எழுதப்பட்ட எந்த மானியமும் அவர்கள் கதவைத் தட்டியதில்லை. அயலவர் குழு தொடங்க வேண்டிய இடம் அந்த அடுக்குமாடிகள். குடியிருப்பாளர் சங்கம் கூட்டி, உரிமையாளரை மேசைக்கு அழைக்கும் திறமை இந்த ஊருக்கு ஏற்கெனவே உண்டு.